நாலாவது மாதத்துக்கு என்ன வாங்குவது? இதய மறுவாழ்வுக்கான வீட்டுக் கருவிகள், ஒரு மதிப்பீடு

ஆஸ்பத்திரி தரும் இதய மறுவாழ்வுப் பேக்கேஜ் பெரும்பாலும் 12 வாரம். வாரத்துக்கு 3 நாள், மொத்தம் 36 வகுப்பு என்பது அமெரிக்கா போன்ற நாடுகளில் பழகிப்போன கணக்கு. ஸ்டென்ட் வைத்தவர், பைபாஸ் ஆனவர், இதயத்தின் பம்பிங் குறைந்தவர் என யாராக இருந்தாலும் அதற்குப் பிறகு தொடங்குவதுதான் நெடும்பாதை. அதற்கு முடிவுத் தேதி இல்லை. அந்த நாலாவது மாதத்தில்தான் பிள்ளைகள் இஎம்ஐ போட்டு ஒரு ட்ரெட்மில்லை வாங்கி ஹாலில் இறக்குகிறார்கள். ஆறாவது மாதம் அதன் கைப்பிடியில் ஈரத் துண்டு காய்கிறது.

இங்கே மதிப்பிட்டிருப்பது அந்த வீட்டுக் கட்டத்துக்கென்று கடையில் விற்கும் பொருட்களையும், கூடவே விற்கப்படும் சில சேவைகளையும்தான். எல்லாவற்றுக்கும் வைத்த கேள்வி ஒன்றே: பன்னிரண்டாவது மாதமும் இது புழக்கத்தில் இருக்குமா? விலை அதிகமான பொருட்கள்தான் இந்தக் கேள்வியில் அதிகம் தோற்கின்றன.

ஒரு எச்சரிக்கை. எக்கோவில் பம்பிங் 40 சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்கள், சமதரையில் நடந்தாலே நெஞ்சு இறுகுபவர்கள், உடலுக்குள் ஐசிடி (ஆபத்தான துடிப்பை ஷாக் கொடுத்துத் திருத்தும் கருவி) பொருத்தியவர்கள், நடக்கையில் மயக்கம் வந்தவர்கள் எதையும் வாங்கும் முன் மேற்பார்வையில் பயிற்சி செய்யும் கட்டத்தை முடிக்க வேண்டும். கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்கு மாற்றாகாது.

பிபி மெஷின்: முதல் செலவு இதுதான்

1,500 முதல் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கும் மேற்கை மெஷின் போதும். மணிக்கட்டில் கட்டும் வகை வேண்டாம். கையை எந்த உயரத்தில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் எண் ஆடும். புளூடூத், பேசும் குரல், இருவர் கணக்கு எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நஷ்டமில்லை. விலை கூடக்கூடத் துல்லியம் கூடுவதில்லை. பெட்டியில் பார்க்க வேண்டியது கைப்பட்டையின் அளவைத்தான்.

தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவில் டேப்பை வைத்துச் சுற்றளவு எடுங்கள். பல மெஷின்களுடன் வருவது 22 முதல் 32 செ.மீ. கைக்கான பட்டை. கை 34 செ.மீ. இருக்கும் ஒருவர் அதே பட்டையைக் கட்டினால் பிபி கூடுதலாகத்தான் காட்டும்; அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டினால் காலையில் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். 22–42 செ.மீ. பட்டை தனியாகவே கிடைக்கிறது. அதே கம்பெனி, அதே மாடலுக்கு உரியதைத்தான் வாங்க வேண்டும்.

பார்க்கும் முறையில் நடக்கும் தவறுகள் மெஷின் பழுதைவிட அதிகம். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினால் அதுவே கயிறு மாதிரி கையை இறுக்கும். சட்டையிலிருந்து கையை முழுதாக எடுத்துவிடுவது மேல். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே, காற்றுக் குழாய் உள்பக்கமாக இறங்க வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் படிந்து, கை மேசைமேல் இதய மட்டத்தில் இருக்க வேண்டும். இதய மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே கை தொங்கினால் 7, 8 புள்ளி கூடும். கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தொங்கப் போட்டு, பேரனோடு பேசிக்கொண்டே எடுத்த எண்ணுக்கு மதிப்பே இல்லை. காபியோ நடையோ முடிந்து அரை மணி நேரம், பிறகு பேசாமல் உட்கார்ந்து 5 நிமிடம், அப்புறம் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. டாக்டரைப் பார்க்கப் போகும் முன் 7 நாள் காலையும் மாலையும் இப்படி எடுத்து, முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மிச்சத்தைச் சராசரி எடுத்துக்கொண்டு போனால் அவருக்கு அது உதவும். பெரும்பாலான இதய நோயாளிகளுக்கு இலக்கு 130/80-க்குக் கீழே.

மெஷின் வாங்கிய அன்று இரண்டு கையிலும் பாருங்கள். அதிகம் காட்டும் கையையே பிறகு எப்போதும் பயன்படுத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவே திரும்பத் திரும்ப 15 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். பைபாஸில் மார்பின் உள்தமனியை ஒட்டுக்குப் பயன்படுத்தியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். இடப்பக்க உள்தமனி, இடது கைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயிலிருந்துதான் கிளம்புகிறது. அந்தக் குழாய் சுருங்கினால் கையில் பிபி குறைவாகக் காட்டும், ஒட்டுக்குப் போகும் ரத்தமும் குறையும். 2,000 ரூபாய் மெஷின் பிடித்துக் கொடுக்கக்கூடிய விஷயம் இது.

துடிப்பு தாறுமாறாக ஓடும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு முறையும் எண் மாறும். மூன்று முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை மெஷினை கிளினிக்குக்கு எடுத்துப்போய் அங்குள்ளதோடு ஒப்பிடுங்கள். பட்டையின் ஒட்டுப்பகுதி பஞ்சு பஞ்சாகிவிட்டால், காற்று ஏறும்போது பட்டென்று பிரிந்துகொண்டால், மெஷினை மாற்ற வேண்டாம், பட்டையை மாற்றினால் போதும்.

பயிற்சி நாளில் இதே மெஷின் வாசல் காவலாளி. ஓய்வில் மேல் எண் 180-ஐயோ கீழ் எண் 110-ஐயோ தாண்டினால் அன்று பயிற்சி கிடையாது. மேல் எண் 100-க்குக் கீழே இருந்து தலையும் கிறுகிறுத்தால் அன்றும் கிடையாது.

வாட்ச், நெஞ்சுப்பட்டை, ஒரு காகிதம்

கடைக்காரர் முதலில் காட்டுவது ஸ்மார்ட் வாட்ச். அதிலுள்ள பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களை அப்படியே நம்புவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தப்பு. பல வாட்ச்கள் 220-லிருந்து வயதைக் கழித்து அதிகபட்சத் துடிப்பைக் கணிக்கின்றன. மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், கார்வெடிலால் போன்ற, துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை போடுபவர்களின் துடிப்பு அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது.

58 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாட்ச் கணக்கில் அதிகபட்சம் 162, அதில் 70 சதவீதம் என்று 113-ஐ இலக்காகக் காட்டும். ஆனால் மாத்திரையோடு செய்த ட்ரெட்மில் டெஸ்டில் அவர் எட்டிய உச்சம் 124, ஓய்வுத் துடிப்பு 64. இடைவெளி 60. அதில் 40 சதவீதம் 24, 60 சதவீதம் 36. இரண்டையும் 64-உடன் கூட்டினால் தொடக்க மாதங்களுக்கான பாதுகாப்பான வரம்பு 88 முதல் 100. வாட்ச் சொன்ன 113, அவருக்கு 80 சதவீதத்தையும் தாண்டிய உழைப்பு. ‘மிதமான நடை’ என்று நினைத்துக்கொண்டு உச்சத்துக்கு அருகில் ஓடிக்கொண்டிருப்பார்.

இந்தக் கணக்கிலும் ஒரு பொறி இருக்கிறது. அடைப்பு உண்டா என்று கண்டுபிடிக்கச் செய்யும் டிஎம்டிக்கு (ட்ரெட்மில் டெஸ்ட்) முன் பீட்டா பிளாக்கரை ஒன்றிரண்டு நாள் நிறுத்தச் சொல்வது வழக்கம். அந்த ரிப்போர்ட்டின் உச்சத் துடிப்பை எடுத்துப் பயிற்சிக்குக் கணக்குப் போடக் கூடாது. தினமும் போடும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு செய்த டெஸ்ட்தான் வேண்டும். ரிப்போர்ட்டை வாங்கும்போதே அதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை அளவு மாறினால் வரம்பும் மாறும்.

வாட்ச் வாங்குவதென்றால், மண்டலங்களை நாமே எண் போட்டு மாற்ற முடிகிற மாடலாகப் பார்க்க வேண்டும். குறைந்தது ‘இத்தனையைத் தாண்டினால் அதிரு’ என்று வைக்கிற வசதி இருக்க வேண்டும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, தோலோடு ஒட்டி, ஆனால் ரத்தம் கட்டாமல் அணிய வேண்டும். தொளதொளவென்று கிடந்தால் நாடிக்குப் பதிலாக நடையின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 110 அடி வைக்கிறவருக்குத் துடிப்பும் 110 என்றே காட்டும். சந்தேகம் வந்தால் நின்று 10 விநாடி பாருங்கள். நின்றதும் எண் பொத்தென்று விழுந்தால் அது எண்ணியது காலைத்தான், இதயத்தை அல்ல.

துல்லியம் வேண்டுமென்றால் நெஞ்சுப்பட்டை. போலார் எச்10 மாதிரியான பட்டைகள் இதயத்தின் மின்சாரத்தையே பிடிப்பதால் நடைக்கும் சைக்கிளுக்கும் நம்பலாம். கட்டும் முன் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைக்க வேண்டும். காய்ந்த பட்டை முதல் ஐந்து நிமிடம் உளறும். நம் ஊர் வியர்வையில் உப்புப் படிந்து துணி விறைத்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் அலசிக் காயப்போட வேண்டும். பைபாஸ் தழும்பு முழுதாக ஆறும் வரை வேண்டாம். பேஸ்மேக்கர், ஐசிடி இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் கட்டக் கூடாது.

வாட்சில் எடுக்கும் இசிஜி ஒற்றைக் கோணத்திலிருந்து பார்ப்பது. தாறுமாறான துடிப்பைக் காட்டிக் கொடுக்கலாம். மாரடைப்பைக் காட்டிக் கொடுக்காது. நெஞ்சு வலிக்கும்போது ‘வாட்ச் நார்மல்னு சொல்லுது’ என்று படுத்துவிடுவது ஆபத்து. கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரும் அப்படித்தான். மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அது 98 காட்டலாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பயன்படுவது ஒரு காகிதம். ஸ்வீடன்காரர் குன்னார் போர்க் வகுத்த உழைப்பு அளவுகோல்: 6-லிருந்து 20 வரை. 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இனி ஒரு அடியும் முடியாது. வீட்டுப் பயிற்சிக்கு 11 முதல் 13 வரை, அதாவது ‘லேசாக இருக்கு’ என்பதிலிருந்து ‘கொஞ்சம் கஷ்டமா இருக்கு’ வரை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பெரிய எழுத்தில் எழுதிச் சைக்கிளுக்கு எதிர்ச்சுவரில் ஒட்டுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்கும் பேஸ்மேக்கர்காரர்களுக்கும் துடிப்பு எண்ணைவிட இதுவே நம்பகமான கருவி. விலை இல்லாததால்தானோ என்னவோ, இதை யாரும் கடையில் காட்டுவதில்லை.

ட்ரெட்மில்லா, சைக்கிளா?

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: நடக்க இடம் இருந்தால் இரண்டும் வேண்டாம். இடம் இல்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை, மழையும் வெயிலும் பாதி வருடத்தைத் தின்றுவிடுகிறது என்றால் காந்தத் தடை உள்ள சைக்கிள். ட்ரெட்மில் மூன்றாவது.

ட்ரெட்மில்லில் குறை என்னவென்று பார்ப்போம். விளம்பரத்தில் ‘4 எச்பி’ என்று இருப்பது பெரும்பாலும் உச்ச சக்தி. தொடர்ந்து ஓடும்போது தரும் சக்தி அதில் பாதியாக இருக்கலாம். மெதுவான நடைக்கு மோட்டார் இன்னும் திணறும். 80 கிலோ ஆள் 3 கி.மீ. வேகத்தில் காலை ஊன்றும்போது பெல்ட் ஒரு கணம் தயங்கினால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள். இதய நோயாளிக்கு வேண்டியது இந்த மெதுவேக ஓட்டம்தான், 14 கி.மீ. வேகம் அல்ல. கடையில் 1 கி.மீ. வேகத்தில் தொடங்குகிறதா, ஒவ்வொரு அழுத்தலுக்கும் 0.1 கி.மீ. மட்டும் ஏறுகிறதா என்று ஷூ போட்டு 5 நிமிடம் நடந்து பாருங்கள். பெல்ட் நீளம் 120 செ.மீ.க்குக் குறையக் கூடாது. 16 ஆம்பியர் பிளக், எர்த், தனி லைன் வேண்டும்.

அடுத்தது கரன்ட். மின்சாரம் போனால் பெல்ட் நின்றுவிடும். நடப்பவரின் உடல் நிற்காது. முன்கம்பியில் மோதி நெஞ்செலும்பில் அடிபடுவது, ஆறிக்கொண்டிருக்கும் பைபாஸ்காரருக்கு விளையாட்டல்ல. பாதுகாப்புச் சாவியின் கயிற்றைச் சட்டையில் மாட்டுவது எதிர்பாராமல் வழுக்கினால் காப்பாற்றும், மின்வெட்டுக்கு உதவாது. அடிக்கடி கரன்ட் போகும் ஊரில் ஒரு கையாவது கைப்பிடிக்கு மேலே மிதந்துகொண்டிருக்க வேண்டும். அதற்காகக் கைப்பிடியை இறுகப் பிடித்துத் தொங்கினாலும் சிக்கல்: உடல் எடையைக் கை வாங்கிக்கொள்வதால் திரை காட்டும் வேலையை இதயம் செய்வதில்லை. பிறகு ஒருநாள் கையை விட்டு அதே வேகத்தில் நடந்தால் மூச்சு வாங்கும்.

ட்ரெட்மில்லின் உண்மையான பலம் சரிவு. சமதரையில் மணிக்கு 4 கி.மீ. நடை, ஓய்வில் செலவாகும் சக்தியைப்போல் சுமார் 3 மடங்கு கேட்கும். அதே வேகத்தில் 5 சதவீதச் சரிவு வைத்தால் நாலரை மடங்குக்கு மேல் போகும். வேகத்தைக் கூட்டாமல், முழங்காலைக் குலுக்காமல், உழைப்பைக் கூட்ட இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் விலை குறைந்த மாடல்களில் சரிவை மாற்ற இறங்கி, பின்பக்கம் குனிந்து, ஊசியைக் கழற்றி மாட்ட வேண்டும். பயிற்சிக்கு நடுவில் யாரும் இதைச் செய்யப் போவதில்லை. பொத்தானில் சரிவு மாறாத ட்ரெட்மில்லுக்கு 25,000 ரூபாய் கொடுப்பதில் அர்த்தமில்லை.

சைக்கிளுக்கு வருவோம். கடையில் மூன்று வகை நிற்கும். முன்னால் பெரிய காற்றாடி சுழலும் ஏர் பைக் வேண்டாம். வேகமாக மிதிக்க மிதிக்கத் தடை தானாக ஏறுவதால் உழைப்பை ஒரே அளவில் பிடித்து வைக்க முடியாது. கையால் தள்ளி இழுக்கும் கம்பி, நெஞ்செலும்பு கூடும் வரை ஆகவே ஆகாது. கனமான சக்கரத்தோடு வரும் ஸ்பின் பைக்கும் வேண்டாம். அதில் பல மாடல்களில் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் பெடலை இழுத்துக்கொண்டு போகும். தலை சுற்றுகிறது என்று சட்டென நிறுத்த நினைப்பவருக்கு அது எமன். மூன்றாவது, காந்தத் தடை, 8 படி திருகு. அதுதான் சரி. சத்தம் இல்லாததால் விடிகாலையில் மிதித்தாலும் பக்கத்து அறையில் தூக்கம் கெடாது, டிவி பார்த்துக்கொண்டும் மிதிக்கலாம். பன்னிரண்டாவது மாதக் கேள்வியில் இது ஜெயிப்பதற்குக் காரணம் இதுவே.

இருக்கை உயரத்தைச் சரிசெய்யாமல் மிதிப்பதால்தான் ‘சைக்கிள் ஓட்டினா முட்டி வலிக்குது’ என்ற புகார். குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் இருக்கையை வைத்துவிட்டு, மிதிக்கும்போது பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கி நிற்கும். காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்த பைபாஸ்காரர்களுக்கு அந்தக் கால் மாலையில் வீங்கலாம். மிதித்து முடித்ததும் காலைத் தலையணை மேல் தூக்கி வைக்க வேண்டும். இருக்கை மட்டும் எல்லா மாடலிலும் மோசம். ஜெல் உறை ஒன்று வாங்கிப் போடுவது தவிர வழியில்லை. திரையில் வரும் கலோரி எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம்.

ஓட்டும் விதம்: முதல் 10 நிமிடம் தடையே இல்லாமல். பிறகு போர்க் அளவில் 11–13 வரும்படி 15 நிமிடம். கடைசி 10 நிமிடம் மறுபடி தடையில்லாமல். வாரத்துக்கு 5 நிமிடமாக நடுப்பகுதியை 30 நிமிடம் வரை நீட்டிவிட்டு, அப்புறம்தான் தடையை ஒரு படி ஏற்ற வேண்டும். நேரமும் தடையும் ஒரே வாரத்தில் ஏறக் கூடாது. வாரத்துக்கு 150 நிமிடம் சேர்ந்தால் போதும். கடைசி 10 நிமிடத்தை விட்டுவிட்டுப் ‘போதும்’ என்று இறங்குவதுதான் வீட்டில் அடிக்கடி நடக்கும் விபத்துக்கு விதை. உழைத்த கால்களில் ரத்தக்குழாய்கள் விரிந்து கிடக்கின்றன. தசை இயங்குவது நின்றதும் ரத்தம் காலிலேயே தேங்கி, தலைக்குப் போவது குறைகிறது. நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரையோ புராஸ்டேட்டுக்கான சில மாத்திரைகளோ சேர்ந்திருந்தால் கண் இருட்டிவிடும். உடனே வெந்நீரில் குளிக்கப் போவதும் இதே காரணத்தால் கூடாது.

ரப்பர் பட்டை

சில நூறு ரூபாய். கொடுத்த காசுக்கு இதைப்போல் வேலை செய்யும் பொருள் வேறில்லை. தெராபேண்ட் நிறுவனத்தின் நிறவரிசைப்படி, இரு மடங்கு நீளத்துக்கு இழுக்கும்போது மஞ்சள் சுமார் 1.3 கிலோ, சிவப்பு 1.7, பச்சை 2.1, நீலம் 2.6 கிலோ தடை தரும். பிற கம்பெனிகளின் நிறங்கள் இதே கணக்கில் வருவதில்லை. செட்டாக வாங்கும்போது கவனம். மஞ்சளில் தொடங்கி, ஒரு பயிற்சிக்கு 10–15 முறை, வாரம் 2 நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி. 15 முறையும் ‘லேசு’ என்று இரண்டு வாரம் தோன்றினால் அடுத்த நிறம்.

இழுக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், தளர்த்தும்போது உள்ளே. மூச்சை அடக்கி முக்கினால் பிபி ஒரு நொடியில் எகிறும். வாய்விட்டு எண்ணிக்கொண்டே இழுத்தால் மூச்சு தானாக வெளியே போய்விடும். பைபாஸ் ஆனவர்கள் 12 வாரம் வரை, அறுவை மருத்துவர் சரி என்று சொல்லும் வரை, கைகளுக்கான இழுவையைத் தொடக் கூடாது. இருமும்போது நெஞ்செலும்பில் ‘க்ளிக்’ சத்தமோ அசைவோ இருந்தால் எத்தனை மாதம் ஆகியிருந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். பட்டையை வெயிலில் வைக்காதீர்கள். துளி முகப்பவுடர் தூவி வைத்தால் ஒட்டாது. விளிம்பில் கீறல் தெரிந்தால் தூக்கி எறியுங்கள், அறுந்தால் நேரே கண்ணில் அடிக்கும். கையில் வைத்து அமுக்கும் ஹேண்ட் கிரிப்பரை மட்டும் இதனோடு இலவசமாகக் கொடுத்தாலும் ஒதுக்கி வைக்கலாம்.

சில்லறைப் பொருட்கள்

எடை மெஷின் 100 கிராம் வரை காட்டுவதாக, கெட்டித் தரையில், தினமும் காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன். பம்பிங் குறைந்தவர்களுக்கு 3 நாளில் 2 கிலோ ஏறினால் அது சதையல்ல, நீர். கால் வீங்கும் முன்பே எடை சொல்லிவிடும். கொழுப்புச் சதவீதம் காட்டும் மெஷின்கள் உடலில் மெல்லிய மின்சாரம் செலுத்துபவை. பேஸ்மேக்கர், ஐசிடி உள்ளவர்கள் அந்த வகையைத் தவிர்க்க வேண்டும்.

மாத்திரை டப்பா, ஏழு நாளும் வேளைவாரியாகப் பிரித்தது, 200 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமைக்கான டிகாக்ரெலார் மாதிரி இருவேளை மாத்திரை இருந்தால் இரவு வேளைதான் தவறும். டப்பாவில் அது அப்படியே தெரிந்துவிடும். பல் பிடுங்கப் போகிறோம் என்று இந்த மாத்திரையைத் தாமாக நிறுத்துவது, முதல் வருடத்தில் ஸ்டென்டை அடைக்கும் வேலை.

நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் 5 மி.கி. டப்பாவில் போகக் கூடாது, அட்டையோடு சட்டைப்பையில். பயிற்சியில் நெஞ்சு இறுகினால் நிறுத்தி, உட்கார்ந்து, ஒன்று. நின்றுகொண்டே வைத்தால் மயங்கி விழுவார்கள். 5 நிமிடத்தில் அடங்காவிட்டால் 108. அடங்கினாலும் அன்று பயிற்சி முடிந்தது. ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகளில் சில்டெனாஃபில் போட்ட 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலாஃபில் போட்ட 48 மணி நேரத்துக்குள்ளும் இதை வைக்கவே கூடாது. வெட்கப்பட்டு மறைக்கிற விஷயம் இல்லை இது.

‘இதயத்துக்கு நல்லது’ என்று விற்கும் குறைந்த சோடிய உப்பு: சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம். ராமிப்ரில், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போடுபவர்கள், சிறுநீரகம் பலவீனமானவர்கள் கேட்காமல் வாங்கினால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறித் துடிப்பே தடுமாறும். சாதா உப்பைக் குறைப்பதே சுலபம். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராம். நாலு பேர் வீட்டில் மாதத்துக்கு 600 கிராம். ஒரு கிலோ பாக்கெட் பிரித்த தேதியை அதன்மேல் எழுதினால் கணக்கு வந்துவிடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு இதற்கு வெளியே என்பதை மறக்க வேண்டாம்.

சேவைகளில் எது?

‘ஆபரேஷன் இல்லாமல் அடைப்பு நீக்கம்’ என்று விளம்பரம் செய்யும் இஇசிபி (காலில் காற்றுப்பட்டை கட்டி, துடிப்புக்கு ஏற்ப அமுக்கும் சிகிச்சை) மையங்களை மறுவாழ்வு என்று நினைத்து 35 மணி நேரத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். வேறு வழியில்லாத நெஞ்சுவலிக்கு அது ஒரு சிகிச்சை. அடைப்பைக் கரைக்காது, உடற்பயிற்சிக்கு ஈடும் ஆகாது.

யோகா வகுப்பில் சேர நினைப்பவர்களுக்கு ஆதாரம் கொஞ்சம் இருக்கிறது. இந்தியாவில் 24 ஆஸ்பத்திரிகளில், மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரை வைத்துச் செய்த யோகா-கேர் ஆய்வு 2020-இல் வெளியானது. 13 வகுப்பு, மூன்று மாதம். இறப்பும் மறு மாரடைப்பும் குறைந்தன என்று அது உறுதியாக நிறுவவில்லை. ஆனால் யோகா செய்தவர்களின் உடல்நல உணர்வு மேம்பட்டது, பழைய வேலைகளுக்குத் திரும்புவதும் கூடியது. மூச்சை அடக்கிப் பிடிக்கும் பயிற்சிகளும் தலைகீழ் ஆசனங்களும் இல்லாத வகுப்பாகப் பார்க்க வேண்டும்.

காசு கொடுக்காத சேவைகளில், தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிபி, சர்க்கரை மாத்திரைகளை வீட்டிலேயே தருகிறது. அதே அரசின் நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தின் 8 கி.மீ. நடைபாதையை முழுதும் முடிக்க வேண்டுமென்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அரை கி.மீ. போய்த் திரும்பினால் 1 கி.மீ.; முதல் மாதத்துக்கு அது தாராளம். நீர் பிரியும் மாத்திரை போடுபவர்கள் மே மாதத்தில் காலை ஆறு மணிக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

ஆஸ்பத்திரிகளே நடத்தும் மாதாந்தரத் தொடர் வகுப்பும், போனில் நடத்தும் மறுவாழ்வும் மெல்லப் பரவுகின்றன. சேரும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். நின்றுபோன இதயத்தை ஷாக் கொடுத்து ஓட வைக்கும் டிஃபிப்ரிலேட்டர் அறைக்குள் இருக்கிறதா, மாடியிலா? உங்களுக்கான துடிப்பு வரம்பை எழுதிக் கொடுப்பார்களா? ஆறு மாதம் கழித்து 6 நிமிட நடைச் சோதனையை மறுபடி எடுப்பார்களா? மூன்றாவது கேள்விக்குத் தயங்கினால் அங்கே நடப்பது வெறும் ஜிம்.

அந்தச் சோதனைக்கு 30 மீட்டர் நேர்வராந்தா, இரண்டு கூம்பு, ஒரு ஸ்டாப்வாட்ச், உட்கார ஒரு நாற்காலி. ஓடாமல், தேவைப்பட்டால் நின்று நின்று, 6 நிமிடத்தில் எத்தனை மீட்டர் என்று அளப்பார்கள். கூடவே நடந்து வேகத்தை இழுக்கும் ஊழியர் தப்பாகச் செய்கிறார். பின்னால்தான் வர வேண்டும். போன முறை 360 மீட்டர், இந்த முறை 400 என்றால் நிஜமான முன்னேற்றம். 360, 370 என்றால் அன்றைய தூக்கமும் செருப்பும்கூடக் காரணமாக இருக்கலாம். முந்தைய சோதனையை எந்த மாத்திரையோடு, எந்த நேரத்தில், எந்தச் செருப்போடு செய்தீர்களோ அதே மாதிரி போங்கள்.